வீட்டு நெட்வேர்க்குக்கு எந்த ஐபி ரேஞ்ச் நல்லது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் இப்போது ஒரே வளவுக்குள் இரண்டு மூன்று ரவுட்டர், நாலைந்து கமரா என்று வந்துவிட்டது. பூட்டிக் கொடுத்துவிட்டு வந்த பிறகு போன் எடுத்துக் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் என்பதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஐபி என்பது நெட்வேர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் இருக்கிற முகவரி இலக்கம், ரேஞ்ச் என்பது ஒரு வீட்டுக்கென்று எடுக்கிற அந்த இலக்கங்களின் வரிசை. விஷயம் தெரிந்தவர்கள் சில இடங்களைத் தாண்டிப் போகலாம்.

அண்ணை, ரவுட்டர் வந்த மாதிரியே நல்லா வேலை செய்யுது. நான் ஏன் இதைப் பற்றி யோசிக்க வேணும்?

யோசிக்கத் தேவையில்லாமலும் இருக்கலாம். ஒரு வீடு, ஒரு ரவுட்டர், நாலு போன், ஒரு டிவி, அவ்வளவுதான் என்றால் பெட்டியில் வந்த இலக்கத்தோடேயே விடுங்கள். ரேஞ்சை மாற்றுவதால் வேகம் கூடாது, டேட்டாவும் மிச்சமாகாது.

ரேஞ்ச் முக்கியமாவது இரண்டு நெட்வேர்க்குகளை ஒன்றோடொன்று இணைக்கிற அன்றைக்கு. முன்வீட்டில் அம்மா அப்பா, பின்வளவில் அக்கா குடும்பம், ரோட்டுக்கரையில் கடை என்று இருக்கிற இடத்தில் அந்த நாள் எப்படியும் வரும், கமரா பூட்டினால் இன்னும் கெதியாக வரும், ஏனென்றால் கனடாவில் இருக்கிற தம்பி "நானும் இங்கயிருந்து பார்க்க வேணும்" என்று கேட்பார். அன்றைக்குப் போய் பிரிண்டர், கமரா, ரெக்கோடர் எல்லாவற்றிலும் இலக்கம் மாற்றிக்கொண்டு நிற்பதைவிட, ரவுட்டரைப் பெட்டியிலிருந்து எடுக்கிற அன்றே ஒரு நல்ல ரேஞ்சைப் போட்டுவிடுவது லாபம்.

பிரைவேட் ஐபி என்றால் சரியாக என்ன?

ஐபிவி4 என்ற பழைய முகவரி முறையில் உலகம் முழுவதற்கும் இருக்கிற முகவரிகள் ஏறத்தாழ 429 கோடிதான். எல்லோருடைய எல்லாக் கருவிகளுக்கும் அது காணாது. ஆகவே 1996 பெப்ரவரியில் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற இணைய விதி ஆவணம் மூன்று தொகுதிகளை உள்வீட்டுப் பாவனைக்கென்று ஒதுக்கியது: 10.0.0.0 முதல் 10.255.255.255 வரை, 172.16.0.0 முதல் 172.31.255.255 வரை, 192.168.0.0 முதல் 192.168.255.255 வரை. முதலாவதில் ஒரு கோடியே 67 இலட்சத்துக்கு மேல் முகவரிகள், இரண்டாவதில் பத்து இலட்சத்துக்குக் கொஞ்சம் மேல், மூன்றாவதில் 65,536.

இவற்றை யாரிடமும் கேட்காமல் யாரும் பாவிக்கலாம். வெளி இணையத்தில் இவை ஓடாது. முல்லைத்தீவிலும் ஒரு புதுக்குடியிருப்பு இருக்கிறது, மட்டக்களப்பிலும் ஒன்று இருக்கிறது, மாவட்டம் போடாமல் கடிதம் எழுதினால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது, உங்கள் 192.168.1.5-உம் பக்கத்து வீட்டு 192.168.1.5-உம் அப்படித்தான். அவரவர் ஊருக்குள் குழப்பமில்லை. வெளியே போகும்போது ரவுட்டர்தான் தன் வெளி முகவரியை மாற்றிப் போட்டு அனுப்புகிறது, அதைத்தான் நாட் என்கிறோம்.

சரி, அந்த மூன்றில் எதை எடுப்பது?

எந்தத் தொகுதியும் பரவாயில்லை, ஆனால் கொம்பனிகள் ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிற துண்டுகளைத் தவிருங்கள். எவை எவை என்று தெரிந்தால்தானே தவிர்க்கலாம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கீழே ரேஞ்சுக்கு முகவரியின் முன்பக்க எண்களை மட்டுமே எழுதுகிறேன். 192.168.0 உம் 192.168.1 உம் உலகத்தில் பாதி ரவுட்டர்களில் இருக்கின்றன. டிபி-லிங்க், டி-லிங்க், இசட்டிஇ எல்லாம் இந்த இரண்டில் ஒன்றோடுதான் வரும். ஹுவாவேயின் 4ஜி ரவுட்டர்களில் 192.168.8, அவர்களுடைய ஃபைபர் பெட்டிகளில் 192.168.100. மைக்ரோடிக் என்றால் 192.168.88, ஷாவோமி என்றால் 192.168.31, அசுஸ் என்றால் 192.168.50. பழைய அன்ட்ரொயிட் போனில் ஹொட்ஸ்பொட் போட்டால் 192.168.43, விண்டோஸ் லாப்டொப்பில் போட்டால் 192.168.137. ஐபோன் ஹொட்ஸ்பொட் 172.20.10 இல் இருக்கும். கொம்பியூட்டரில் டொக்கர் என்ற மென்பொருள் போட்டு வேலை செய்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அது 172.17 ஐ எடுத்துக்கொள்ளும், பிறகு 172.18, 172.19 என்று ஏறிக்கொண்டே போகும். ஆகையால் 172 தொகுதியை நான் வீடுகளுக்குப் போடுவதே இல்லை. பாதிப்பேருக்கு 16க்கும் 31க்கும் இடையில்தான் என்ற எல்லையும் ஞாபகத்தில் நிற்காது, 172.50 என்று போட்டுவிட்டு யாருடையதோ உண்மையான முகவரியில் குடியிருப்பார்கள்.

10 தொகுதியில் 10.0.0, 10.0.1, 10.1.1, 10.10.10 போன்ற அழகான இலக்கங்களை விடுங்கள். அழகாக இருப்பதாலேயே எல்லோரும் அவற்றை எடுத்திருப்பார்கள், அலுவலகங்கள் உட்பட.

மிச்சம் இருப்பது நிறைய. நான் வழக்கமாகப் போடுவது 10.87.34 போன்ற ஒன்று. தயவுசெய்து இதையே பார்த்து எழுதாதீர்கள், பிறகு இதுவும் 192.168.1 ஆகிவிடும்.

ஏ9 ரோட்டுப் பக்கம் இருக்கிறோம், 10.9.9 வைக்கலாமா? ஞாபகத்துக்கு லேசு.

உங்களுக்கு லேசு என்றால் ஏ9 ஓரத்தில் இருக்கிற மற்ற எல்லோருக்கும் அது லேசுதான். பரந்தன் முல்லைத்தீவு ரோட்டுக்காரர் 35 வைப்பார், மாங்குளம் முல்லைத்தீவு ரோட்டுக்காரர் 34 வைப்பார், தொலைபேசிக் குறியீடு 021 என்று 21 வைக்கிற ஆட்களும் உண்டு. நாளைக்கு நீங்கள் இணைக்கப் போவது யாரோ முன்பின் தெரியாதவருடைய வீட்டை அல்ல, சொந்தக்காரர் வீட்டைத்தான். அவரும் உங்களைப் போலவே யோசித்திருப்பார்.

ஆர்எஃப்சி 1918 ஆவணமே எழுந்தமானமாகத் தெரிவு செய்யச் சொல்கிறது, பிற்காலத்தில் இரண்டு நெட்வேர்க்குகள் சேரும்போது மோதாமல் இருக்க. சட்டைப்பையில் இருக்கிற இரண்டு நோட்டுகளை எடுங்கள், தொடர் இலக்கத்தின் கடைசி இரண்டு எண்களைப் பாருங்கள், ஒன்று 10க்கு அடுத்தது, மற்றது அதற்கு அடுத்தது. முடிந்தது. மூன்று இலக்கமாக எடுத்தால் 255க்கு மேல் போகக் கூடாது.

இரண்டு பக்கமும் ஒரே ரேஞ்ச் இருந்தால் உண்மையில் என்னதான் நடக்கும்?

விசுவமடு வீட்டில் கமரா ரெக்கோடர் 192.168.1.108 இல் இருக்கிறது என்று வையுங்கள். ரொறன்ரோவில் தம்பியின் லாப்டொப் 192.168.1.7. இரண்டு வீட்டையும் இணையம் வழியாக இணைக்கிற விபிஎன் போட்டாயிற்று, பச்சை விளக்கும் எரிகிறது. தம்பி 192.168.1.108 என்று தட்டுகிறார்.

லாப்டொப் முதலில் பார்ப்பது மாஸ்க்கை. 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருக்கிற முகவரி எல்லாம் தன் வீட்டுக்குள் இருப்பது என்று அர்த்தம். 192.168.1 உம் 192.168.1 உம் ஒன்றுதானே, ஆகவே அது விபிஎன் பக்கம் திரும்பியே பார்க்காமல் ரொறன்ரோ வீட்டுக்குள்ளேயே "ஆர் அந்த 108?" என்று கூப்பிடும். யாரும் பதில் சொல்லாவிட்டால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுத் திறக்க முடியவில்லை என்று வரும். அங்கே 108 இல் அவருடைய பிரிண்டர் இருந்தால் இன்னும் விசேஷம், பிரிண்டரின் பக்கம் திறக்கும், தம்பி ஊருக்குப் போன் எடுத்து "கமராவை ஆரோ ஹாக் பண்ணிட்டாங்கள்" என்பார்.

ஒரு பக்கம் 10.87.34 ஆக இருந்தால் இந்தக் கூத்து எதுவும் இல்லை. போன் செயலியில் மட்டும் கமரா பார்க்கிறவர்களுக்கு இது தெரியவே வராது, ஏனென்றால் செயலி பெரும்பாலும் கமராக் கொம்பனியின் சேர்வர் வழியாகச் சுற்றிப் போகிறது, வீட்டு முகவரி அதற்குத் தேவைப்படுவதில்லை.

பின்வளவுக்கு இன்னொரு ரவுட்டர் வாங்கிக் கொழுவினேன். வைஃபை காட்டுது, இன்டர்நெட் இல்லை.

அடிக்கடி வருகிற கேள்விகளில் இதுதான் முதலாவது. முதல் ரவுட்டர் 192.168.1.1. புதிதாக வாங்கியதும் 192.168.1.1. புதியதின் வான் (இன்டர்நெட் வருகிற) துளைக்குள் கேபிளைச் செருகியதும் அதற்கு வெளிப்பக்கமும் 192.168.1, உள்பக்கமும் 192.168.1. எந்தப் பக்கம் அனுப்புவது என்று அதற்குத் தெரியாது. சில புதிய ரவுட்டர்கள் இதைத் தாங்களே கண்டுபிடித்து உள்பக்க இலக்கத்தை மாற்றிக்கொள்ளும், பழையவை பேசாமல் நிற்கும்.

இதற்கு இரண்டு வழி. அக்கா வீட்டு டிவியும் உங்கள் பிரிண்டரும் எல்லாம் ஒரே நெட்வேர்க்கில் இருக்க வேண்டும் என்றால் (பெரும்பாலும் அதுதான் வேண்டும்) இரண்டாவது ரவுட்டரை அக்ஸஸ் பொயின்ட் ஆக, அதாவது வைஃபை மட்டும் தருகிற பெட்டியாக, மாற்றுங்கள். அப்படி ஒரு தெரிவு அதில் இல்லாவிட்டால் கையால் செய்யலாம்: கேபிள் கொழுவ முதல், அதன் லான் (உள்பக்க) முகவரியை முதல் ரவுட்டரின் ரேஞ்சுக்குள் வேறொரு எண்ணாக, உதாரணமாக 10.87.34.2 என்று மாற்றி, அதில் டிஎச்சிபியை (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கிற வேலையை) நிறுத்தி, பிறகு கேபிளை வான் துளையில் அல்ல, லான் துளைகளில் ஒன்றில் செருகுங்கள். டிஎச்சிபியை நிறுத்த மறந்தால் இரண்டு ரவுட்டர்களும் மாறி மாறி முகவரி கொடுக்கும், சில போனுக்கு நெட் வரும், சிலதுக்கு வராது, ஏன் என்று கண்டுபிடிக்கவே ஒரு பின்னேரம் போகும்.

கடை நெட்வேர்க்கும் வீட்டு நெட்வேர்க்கும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்றால் வான் துளையிலேயே விடலாம், உள்பக்கத்துக்கு மட்டும் வேறு ரேஞ்ச், 10.87.35 என்பது போல. இரட்டை நாட் ஆகும். பாட்டு, படம், வட்ஸ்அப் எதற்கும் தெரியாது. சில ஒன்லைன் விளையாட்டுகளில் பெடியள் முறைப்பாடு சொல்வார்கள்.

இன்னொன்று, செப்புக் கேபிளுக்கு 100 மீற்றர்தான் கணக்கு. எங்கள் பக்கத்து வளவுகளில் ரோட்டிலிருந்து கிணற்றடி போகவே அது முடிந்துவிடும். ஐப்பசி இடிக்கு மரம் மரமாகக் கட்டிய கேபிள் வழியாக இரண்டு ரவுட்டர்களும் ஒரே நாளில் போவதும் உண்டு, தூரம் என்றால் வயர்லெஸ் பாலமோ ஃபைபரோ போடுங்கள்.

4ஜி ரவுட்டரில் வெளி முகவரி 100 என்று தொடங்குது. அது பிரைவேட்டா?

100.64.0.0 முதல் 100.127.255.255 வரை என்றால் அது இணைப்புத் தருகிற கொம்பனிகள் தங்கள் பெரிய நாட் (NAT) ஏற்பாட்டுக்குப் பாவிக்கிற தொகுதி, 2012 ஏப்ரலில் ஆர்எஃப்சி 6598 ஒதுக்கியது. ஒரு வெளி முகவரிக்குப் பின்னால் நிறைய வீடுகள் இருக்கின்றன என்று அர்த்தம். வீட்டுக்குள் இதைப் பாவிக்கக் கூடாது. டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன்களும் இதே தொகுதியிலிருந்துதான் முகவரி கொடுக்கின்றன.

இப்படி இருந்தால் ரவுட்டரில் போர்ட் ஃபோவேர்ட் (வெளியிலிருந்து உள்ளே வர வழி திறப்பது) எவ்வளவு போட்டாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது, கொம்பனியின் நாட் ஏற்பாட்டிலேயே நின்றுவிடும். யாராவது காசு வாங்கிக்கொண்டு போர்ட் திறந்து தருகிறேன் என்றால் முதலில் வெளி முகவரியைப் பாருங்கள். வீட்டுப் பக்கத்திலிருந்து வெளியே போய்ப் பிடிக்கிற விபிஎன்தான் இங்கே சரிவரும்.

சில இணைப்புகளில் வெளி முகவரியும் 10 என்று தொடங்கும். அப்படியென்றால் வீட்டுக்குள் 192.168 இல் ஒரு துண்டை எடுத்துவிடுங்கள், 192.168.173 என்பது போல. 10 ஐயே வைத்தாலும் பெரும்பாலும் ஓடும், ஆனால் யாராவது மாஸ்க்கில் 255.0.0.0 போட்டிருந்தால் தளப் பெயரை முகவரியாக மாற்றித் தருகிற கொம்பனியின் டிஎன்எஸ் சேர்வரும் வீட்டுக்குள் இருப்பதாக ரவுட்டர் நினைத்துக்கொள்ளும், நெட் வந்தும் ஒரு தளமும் திறக்காது.

எவ்வளவு பெரிய ரேஞ்ச் வேணும்?

/24, அதாவது 255.255.255.0. அதில் 254 முகவரிகள் கிடைக்கும். வீட்டுக்குத் தாராளம்.

ரியூட்டரிக்காரர் மட்டும் கவனியுங்கள். இப்போதைய போன்கள், அன்ட்ரொயிட் 10 இலிருந்தும் ஐஓஎஸ் 14 இலிருந்தும், தங்கள் உண்மையான மாக் முகவரிக்கு (கருவியின் சொந்த அடையாள எண்) பதில் எழுந்தமானமான ஒன்றைக் காட்டுகின்றன, அது மாறினால் ரவுட்டருக்கு அது புதுப் போன். காலை வகுப்பு, பின்னேர வகுப்பு, கிழமைக் கடைசி வகுப்பு என்று பிள்ளைகள் மாறி மாறி வர, கொடுத்த முகவரியை ஒருநாள் முழுக்க (இந்த நேரம்தான் லீஸ்) ஒதுக்கி வைத்திருக்கிற ரவுட்டரில் எழும்பிப் போன போன்களின் பேரில் முகவரிகள் பிடிபட்டுக் கிடக்கும், புதிதாக வருகிறவருக்கு இல்லை. லீஸ் நேரத்தை ஒரு மணித்தியாலமாகக் குறையுங்கள். அதற்கும் காணாவிட்டால்தான் /23, அது இதைப்போல் இரண்டு மடங்கு பெரியது.

கரண்ட் போய் வந்தால் கமரா வேலை செய்யாது. ரெக்கோடர் பழுதா?

பழுதாகவும் இருக்கலாம், ஆனால் முதலில் முகவரியைப் பாருங்கள். தர்மபுரம் பக்கம் ஒரு கடையில் நடந்ததைச் சொல்கிறேன். ரெக்கோடருக்குக் கையால் 192.168.1.108 போட்டிருந்தது. ரவுட்டரின் டிஎச்சிபி 100 முதல் 200 வரை. பின்னேரம் கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் முதலில் எழும்பியது, யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்ற கணக்கு அதன் ஞாபகத்தில் இல்லை, தேத்தண்ணி குடிக்க வந்து வைஃபை பிடித்திருந்த போன்கள் எல்லாம் வரிசையாக 100, 101, 102 என்று வாங்க ஒரு போனுக்கு 108 போய்விட்டது. ரெக்கோடருக்கு ஹாட் டிஸ்க் சுற்றி எழும்பவே நேரம் எடுக்கும், அது வந்து பார்த்தால் தன் கதிரையில் வேறு ஆள். படம் வரும், நிற்கும், வரும். கடைக்காரர் ரெக்கோடரைக் கழற்றி பஸ்ஸில் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனார், அங்கே போட்டுப் பார்த்தால் கண்ணாடி மாதிரிப் படம்.

இதற்கு மருந்து ரேஞ்சைப் பிரித்து வைப்பது. 1 ரவுட்டருக்கு. 2 முதல் 49 வரை கமரா, ரெக்கோடர், பிரிண்டர், அக்ஸஸ் பொயின்ட் போன்ற அசையாத சாமான்களுக்கு. டிஎச்சிபி 100 இலிருந்து தொடங்கட்டும். கையால் போடுகிற எந்த இலக்கமும் டிஎச்சிபி எல்லைக்குள் விழக் கூடாது. இதைவிட நல்லது, கருவிகளில் கை வைக்காமல் ரவுட்டரிலேயே இன்ன மாக் முகவரிக்கு இன்ன ஐபி என்று ஒதுக்கி வைப்பது. பிறகு எப்போதாவது ரேஞ்ச் மாற்றினால் ஒரே இடத்தில் வேலை முடியும்.

புதுக் கமரா வாங்கினேன், என் ரேஞ்ச் 10.87.34. கமராவைக் காணவில்லை.

கமராவுக்குள் தொழிற்சாலை இலக்கம் இருக்கும். டாஹுவா 192.168.1.108, ஹிக்விஷன் 192.168.1.64, ஹிக்விஷனின் பழையவற்றில் 192.0.0.64. லாப்டொப்பைக் கமராவோடு நேரே கேபிளில் இணைத்து, லாப்டொப்புக்குத் தற்காலிகமாக 192.168.1.50 (பழையதற்கு 192.0.0.50) போட்டு உள்ளே போங்கள். அதை டிஎச்சிபிக்கு மாற்றிய பிறகு நெட்வேர்க்கில் கொழுவுங்கள். லாப்டொப்பையும் பழையபடி மாற்ற மறக்க வேண்டாம்.

169.254 என்று ஒரு முகவரி வந்திருக்கு. அது ஆர் தந்தது?

ஒருவரும் தரவில்லை. டிஎச்சிபியிடம் கேட்டுப் பதில் வராததால் கருவி தானே போட்டுக்கொண்டது. கேபிளையும் ரவுட்டரையும் பாருங்கள், ரேஞ்சில் பிழை இல்லை.

5.5.5 அல்லது 1.1.1 என்று சின்னதாக வைத்தால் என்ன? உள்ளுக்குத்தானே?

உள்ளுக்குத்தான், ஆனால் அவை வேறு ஆட்களுடைய உண்மையான முகவரிகள். ஹமாச்சி என்ற விபிஎன் 5 என்று தொடங்குகிற தொகுதி சும்மாதானே கிடக்கிறது என்று பாவித்தது, 2010 இல் அது முகவரிகளைப் பகிர்ந்து கொடுக்கிற ஐரோப்பிய பதிவகத்துக்குக் கொடுக்கப்பட்டதும் 25க்கு மாற வேண்டி வந்தது. 1.1.1.1 ஐயும் நிறையக் கருவிகள் தங்கள் வசதிக்குப் பாவித்தன. 2018 ஏப்ரலில் கிளவுட்ஃபிளேயார் அந்த முகவரியில் டிஎன்எஸ் சேவை தொடங்கியபோது அப்படிப் பாவித்த இடங்களிலிருந்து அதை எட்ட முடியவில்லை. ஒதுக்கித் தந்த மூன்றிலும் இவ்வளவு இடம் இருக்கும்போது இது வீண் வேலை.

ஆருக்கும் தெரியாத ரேஞ்ச் வைத்தால் பாதுகாப்புக் கூடுமா?

இல்லை. வைஃபைக்குள் வந்த எந்தப் போனுக்கும் ரவுட்டரே அதைச் சொல்லிக் கொடுத்துவிடும். ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றினீர்களா என்று முதலில் பாருங்கள்.

ஏற்கெனவே எல்லாம் 192.168.1 இல் ஓடுது. மாற்றினால் ஏதாவது நிற்குமா?

கையால் இலக்கம் போட்ட கருவிகள் நிற்கும், மற்றவை தாங்களாகச் சரியாகும். ஆகவே முதலில் அந்தக் கருவிகளுக்குப் போய் எல்லாவற்றையும் டிஎச்சிபிக்கு மாற்றுங்கள். அதன் பிறகுதான் ரவுட்டரின் லான் முகவரி. சேவ் கொடுத்ததும் பக்கம் தொங்கி நிற்கும், பயப்பட வேண்டாம், ரவுட்டர் இப்போது புது இலக்கத்தில் இருக்கிறது; வைஃபையை நிறுத்திப் போட்டு 10.87.34.1 என்று தட்டினால் வரும். டிஎச்சிபி எல்லை, ஒதுக்கீடுகள், போர்ட் ஃபோவேர்ட் இருந்தால் அதுவும் புது இலக்கத்துக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள், சில ரவுட்டர்கள் அரைகுறையாகத்தான் மாற்றும். விண்டோஸில் பிரிண்டர் ஒஃப்லைன் என்று காட்டினால் அழித்துத் திரும்பச் சேருங்கள். கடையில் பில் போடுகிற நேரத்திலோ பிள்ளைக்கு ஸூம் வகுப்பு நடக்கும்போதோ இதில் கை வைக்காதீர்கள்.

ஐபிவி6 வந்தால் இதெல்லாம் தேவையில்லையாமே?

புதிய முகவரி முறையான ஐபிவி6 இலும் உள்வீட்டுக்கென்று எஃப்டி என்று தொடங்குகிற முகவரிகள் உண்டு, அதில் 40 பிட் எழுந்தமானமாக இருக்க வேண்டும் என்பது விதி, ஆகவே மோதல் நடப்பது அரிது. ஆனால் உங்கள் கமராவும் பிரிண்டரும் இன்னும் கனகாலத்துக்கு ஐபிவி4 தான் கேட்கும்.

எங்களுக்கு வவுனியாவில் வீடு, மல்லாவியில் அப்பா வீடு, புதுக்குடியிருப்பில் கடை. மூன்றையும் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். நோட்டுப் பார்த்து ஒரு எண் எடுங்கள், 10.87 என்று வையுங்கோவன். வவுனியா 10.87.10, மல்லாவி 10.87.20, கடை 10.87.30. இடையில் ஒன்பது ஒன்பது இடம் விட்டிருப்பது, பின்னாளில் கடைக்குள் கமராவுக்கென்று 10.87.31, வாடிக்கையாளர் வைஃபைக்கு 10.87.32 என்று தனியாகப் பிரிக்க. வெளிநாட்டில் இருக்கிற அண்ணாவும் தன் வீட்டில் 10.87.40 போட்டால் நாலு வீடும் மோதாமல் ஒன்றாகும், அவர் மாற்ற மாட்டேன் என்றாலும் பரவாயில்லை, அவருடையது 192.168 இல் இருக்கிறவரை உங்கள் பக்கத்தோடு இடிபடாது.

ஒவ்வொரு இடத்து ரேஞ்சையும் ஒதுக்கிய இலக்கங்களையும் ஒரு காகிதத்தில் எழுதி அந்தந்த ரவுட்டரின் அடியில் ஒட்டிவிடுங்கள். பாஸ்வேர்டை அதில் எழுதாதீர்கள்.